தாவரங்கள் உருவாக்கும் வேதிப்பொருள்கள்: கொங்கு நாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர், நாமக்கல் மாவட்டங்களின் உழவர்களும் மாடு வளர்ப்போரும் இல்லத்தரசிகளும் வேளாண் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நம் காட்டிலும் தோட்டத்திலும் கட்டுத்தரையிலும் அன்றாடம் கையாளும் பயிர்களே எடுத்துக்காட்டுகள்.

தாவர வேதிப்பொருள் என்று எதைச் சொல்கிறோம்?

சர்க்கரை, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவை எல்லாச் செடிகளுக்கும் பொதுவானவை. அவை இல்லாமல் எந்தச் செடியும் வளர முடியாது. இவற்றுக்கு அப்பால், ஒவ்வொரு தாவரக் குடும்பமும் தனக்கே உரிய சில பொருள்களைச் சிறிய அளவில் உருவாக்கிக்கொள்கிறது. மஞ்சளின் நிறமும் வேம்பின் கசப்பும் மிளகாயின் காரமும் மல்லிகையின் மணமும் இவற்றால் வருபவை. வேதியியலார் இவற்றை இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்பர். டெர்பீன்கள், ஃபீனால்கள், நைட்ரஜன் கொண்ட அல்கலாய்டுகள் என்பவை இவற்றின் பெரும் பிரிவுகள். வேம்பின் அசாடிராக்டின் முதல் பிரிவையும், மஞ்சளின் குர்குமின் இரண்டாவதையும், புகையிலையின் நிகோட்டின் மூன்றாவதையும் சேர்ந்தவை.

செடிக்கு இவற்றால் என்ன பயன்?

செடியால் எழுந்து ஓட முடியாது. புழு கடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் பூஞ்சணம் பிடித்தாலும் நின்ற இடத்தில் நின்றே அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். ஆகவே இப்பொருள்களில் பெரும்பாலானவை தற்காப்புக்காகவும், சில வண்டையும் தேனீயையும் பறவையையும் அழைப்பதற்காகவும் உருவானவை.

பவானி, கோபி வட்டாரத்தில் பயிரான புகையிலை இதற்குத் தெளிவான சான்று. நிகோட்டின் புகையிலையின் வேரில் உருவாகி இலைக்கு ஏறுகிறது. இலை கடிபட்டதும் அச்செய்தி வேரை எட்டி உற்பத்தி கூடுகிறது. பூக்கும் தருணத்தில் கொழுந்தை ஒடித்துவிட்டால் இலையின் காரம் ஏறும் என்பது புகையிலை விவசாயிகளின் பட்டறிவு; நிகோட்டின் அளவை அளந்து பார்த்தவர்களும் அதையே கண்டனர். மிளகாயின் காப்சைசின் வேறு வகையில் வேலை செய்கிறது. பாலூட்டிகளின் வாயை அது எரிக்கிறது, பறவைகளை எரிப்பதில்லை. விதையை மெல்லாமல் விழுங்கித் தொலைவில் கொண்டு சேர்ப்பவை பறவைகளே. விதையில்தான் காரம் இருக்கிறது என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய நடுத்தசையில்தான் காப்சைசின் மிகுதி. விதை அதைத் தொட்டுக்கொண்டிருப்பதால் காரமாகிறது.

இந்த அடிப்படையை மனத்தில் கொண்டால் பின்வரும் பதில்கள் எளிதில் விளங்கும். எந்தப் பொருளும் நமக்கு மருந்தாகவோ நஞ்சாகவோ ஆகும் நோக்கத்தில் செடியில் உருவாகவில்லை. அது எதுவாக அமையும் என்பதை அளவும், பயன்படுத்தும் பாகமும், பயிரின் வயதும், பக்குவம் செய்யும் முறையுமே தீர்மானிக்கின்றன.

ஈரோட்டு மஞ்சளின் நிறத்துக்குக் காரணம் என்ன? வேகவைப்பதால் சத்துப் போய்விடாதா?

நிறத்துக்குக் காரணம் குர்குமினும் அதனோடு நெருங்கிய உறவுடைய இரு பொருள்களும் ஆகும். மூன்றையும் சேர்த்துக் குர்குமினாய்டுகள் என்கிறோம். குர்குமின் 1815இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் கட்டமைப்பு 1910இல் அறியப்பட்டது. மஞ்சளின் மணம் குர்குமினால் வருவதன்று. அது டர்மெரோன் முதலிய எண்ணெய்ப் பொருள்களுக்கு உரியது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 2.5 முதல் 4.5 சதவீதம் வரை இருக்கும். சாறெடுக்கும் ஆலைகள் இதைவிடக் கூடுதல் குர்குமின் கொண்ட ரகங்களை நாடுகின்றன. ஆயினும் விரல்போல் நீண்ட ஈரோட்டு மஞ்சளாகிய விரலிக்குச் சந்தையில் உள்ள மதிப்பு அந்த ஒரு எண்ணை மட்டும் பொறுத்ததன்று. நிறமும் மணமும் உடைக்கும்போது தெரியும் இறுக்கமும் சேர்ந்தே விலையாகின்றன.

வேகவைத்தல் பற்றிய அச்சம் தேவையற்றது. தை, மாசியில் வெட்டிய கிழங்கைக் கொப்பரையிலோ இப்போது பரவலாகியுள்ள நீராவி டிரம்மிலோ வேகவைக்கும்போது, உள்ளிருக்கும் மாவு கூழ்மமாகிறது. செல்களுக்குள் தனித்தனியே அடைபட்டிருந்த நிறப்பொருள் கிழங்கு முழுதும் சீராகப் பரவுகிறது. முளைக்கும் திறன் அழிகிறது. காயும் காலமும் குறைகிறது. நுரை பொங்கி மஞ்சளுக்கே உரிய மணம் எழும்போது ஒரு விரலியை எடுத்துக் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். தடையின்றி இறங்கினால் பதம் வந்துவிட்டது என்று பொருள். வேகாத விரலியை உடைத்தால் வெட்டுமுகத்தில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் நிற வேறுபாடு தெரியும். பதமாக வெந்து காய்ந்தது ஒரே ஆரஞ்சு நிறமாக, கொம்புபோல் பளபளவென்று உடையும். வெப்பத்தால் குர்குமின் ஓரளவே குறைகிறது. அதற்குப் பெரும் பகை வெளிச்சம். களத்தில் தேவைக்கு மேல் பல நாள் வெயிலில் கிடக்கும் மஞ்சளும், கண்ணாடிப் புட்டியில் சன்னலோரம் வைக்கப்படும் தூளும் வெளுப்பது இதனால்தான்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவது ஏன்?

சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. காரம் பட்டதும் குர்குமின் மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இழந்து வேறு நிற ஒளியை உறிஞ்சத் தொடங்குகிறது. நம் கண்ணுக்கு அது சிவப்பாகத் தெரிகிறது. ஆரத்தித் தட்டில் நிகழ்வது இதுதான். மரபு முறையில் குங்குமம் செய்வதும் இதே வினையால்தான். மஞ்சள் கறை படிந்த வேட்டியைச் சோப்பில் போட்டதும் அது சிவந்து பதறவைப்பதற்கும் இதுவே காரணம். நன்கு அலசி வெயிலில் உலர்த்தினால் கறை மங்கிவிடும்.

மஞ்சள் பாலில் மிளகு சேர்க்கச் சொல்வதில் பொருள் உண்டா?

உண்டு. குர்குமின் நீரில் கரைவது அரிது. குடல் சுவரும் கல்லீரலும் அதை உடனே மாற்றி வெளியேற்றிவிடுவதால் இரத்தத்தில் சேரும் அளவு மிகச் சொற்பம். மிளகின் பைப்பரின் அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து உட்கொண்டவர்களிடம் அது இரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. பாலிலுள்ள கொழுப்பும் கரைவதற்கு உதவுகிறது.

ஆனால் இதே காரணத்தால் எச்சரிக்கையும் வேண்டும். பைப்பரின் குர்குமினை மட்டும் காத்து நிற்பதில்லை. வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிடாயின் போன்ற மருந்துகளும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கச் செய்கிறது. சமையலில் சேரும் மஞ்சளும் மிளகும் கவலைக்குரிய அளவன்று. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகளின் நிலை வேறு. அவற்றைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உள்ளன. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்போரும் பித்தப்பைக் கல் உள்ளோரும் மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடவேண்டாம். நம் மண்ணில் விளைந்த பொருள் என்பதற்காக இந்த எச்சரிக்கையைத் தளர்த்துவது சரியன்று என்பது என் உறுதியான கருத்து.

மஞ்சளுக்கும் வேம்புக்கும் வெளிநாட்டார் காப்புரிமை பெற்றது உண்மையா?

உண்மை. புண் ஆற்றும் மஞ்சளின் குணத்துக்கு அமெரிக்காவில் 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்டி எதிர்த்ததால் 1997இல் அது நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயின் பூஞ்சணக்கொல்லித் தன்மைக்கு ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் தந்த உரிமை 2000இல் ரத்தாகி, மேல்முறையீட்டிலும் 2005இல் அதே முடிவு உறுதியானது.

வேப்பங்கொட்டைச் சாறு எவ்வாறு பூச்சியைக் கட்டுப்படுத்துகிறது? தெளித்தும் புழு சாகவில்லையே?

உடனே சாகாது, அது சாகடிக்கும் மருந்தும் அன்று. அசாடிராக்டின் பட்ட இலையைப் புழு உண்ண மறுக்கிறது. உண்டாலும் தோலுரிப்பதற்குத் தேவையான ஹார்மோன் குலைந்துபோவதால் அடுத்த பருவத்துக்கு வளர முடியாமல் நின்றுவிடுகிறது. எனவே தெளித்த மறுநாள் புழுக்களை எண்ணிப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டக்கூடாது. இலை மேலும் கடிபடுகிறதா என்பதையே பார்க்கவேண்டும்.

ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம்பழத்தைப் பொறுக்கித் தசை நீக்கி, வேப்பமுத்தை நிழலில் உலர்த்துங்கள். 5 சதவீதச் சாறுக்கு, ஓடு நீக்கி இடித்த பருப்பு 5 கிலோவைத் துணியில் கட்டி இரவு முழுதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, காதிச் சோப்புக் கரைசல் சேர்த்து 100 லிட்டராக ஆக்கவேண்டும். பூஞ்சணம் பிடித்த கொட்டையும் ஓராண்டுக்கு மேற்பட்ட கொட்டையும் பயன்தரா. வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைவதால் மாலையில் தெளிப்பதே முறை. இதன் மூலக்கூறு அத்துணைச் சிக்கலானது. ஆய்வகத்தில் அதை முழுமையாகக் கட்டியெழுப்ப இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் வேதியியலாருக்கு 22 ஆண்டுகள் பிடித்தன. 2007இல் வெற்றி கிட்டிய பிறகும் மலிவான வழி வேப்ப மரமாகவே இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குக் கொடுப்பது ஆபத்தானது. வலிப்பும் மூளைப் பாதிப்பும் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

கண்வலிக்கிழங்கு நஞ்சு என்கிறார்கள்; பிறகு எப்படி அது மருந்துக்காகப் பயிராகிறது?

இரண்டும் ஒரே பொருளின் இரு அளவுகள். மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி பகுதிகளில் ஆடிப் பட்டத்தில் நடப்படும் கண்வலிக்கிழங்கு, அதாவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள், கோல்சிசின் என்னும் அல்கலாய்டைக் கிழங்கிலும் விதையிலும் சேர்த்து வைக்கிறது. செல்லுக்குள் இழைபோல் அமையும் நுண்குழல்கள் உருவாவதைக் கோல்சிசின் தடுக்கிறது. வெள்ளை அணுக்கள் நகர்வதற்கும் செல்கள் பிரிவதற்கும் இக்குழல்கள் தேவை. மிகச் சிறிய அளவில் கொடுத்தால், யூரிக் அமிலப் படிகம் சேர்ந்த மூட்டை நோக்கி வெள்ளை அணுக்கள் திரண்டு வீக்கத்தையும் கொடும் வலியையும் உண்டாக்குவது தடைபடுகிறது. கீல்வாதத்தின் ஒரு வகைக்கு அது மருந்தாவது இவ்வாறே. அரை மில்லிகிராம் மாத்திரையாகத் தரப்படும் இம்மருந்துக்கு, இதயநோய் அபாயத்தைக் குறைக்கவும் 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அளவு சற்றே மிகுந்தால், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை போன்று இடையறாது செல்கள் பிரியும் இடங்களெல்லாம் நின்றுபோகின்றன. முதல் நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும், தொடர்ந்து உறுப்புகள் செயலிழப்பதும் நிகழும். மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கும் நச்சுமுறிவு மருந்து இதற்கு இல்லை.

இப்பயிரின் உழைப்பு வெளியூராருக்குத் தெரியாதது. பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் மடங்கி, மகரந்தப் பைகளிலிருந்து விலகி நிற்கிறது. தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகையால் பூக்கும் காலத்தில் காலைதோறும் கம்பிப் பந்தலின் ஊடே நடந்து, மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு பூவாகப் பிடித்து, மகரந்தத்தைச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை இது. அந்த விதை ஏற்றுமதியாகி, கோல்சிசினாகவும் தசைப்பிடிப்புக்குத் தரப்படும் தயோகோல்சிகோசைடாகவும் மாறுகிறது. உலகின் எங்கோ ஒரு மருந்துப் பெட்டியில் உள்ள மாத்திரைக்குப் பின்னால் மூலனூர்ப் பெண்ணின் விரல்நுனி இருக்கிறது என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம்.

வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும். விதைக்கிழங்கை உணவுக் கிழங்குகள் வைக்கும் இடத்தில் வைக்கக்கூடாது. சர்க்கரைவள்ளி என்று எண்ணி உண்டு உயிரிழந்தோர் உண்டு.

இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் விழுந்து செத்துவிடுகிறதே, ஏன்?

சோளத்தின் இலையில் துர்ரின் என்னும் பொருளும், அதைச் சிதைக்கும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. மாடு மெல்லும்போது இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. அசைபோடும் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் அதை இன்னும் விரைவுபடுத்துகின்றன. சயனைடு, செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இறுதிப் படியை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் உடலால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. இதனால்தான் இறக்கும் தறுவாயிலும் மாட்டின் கண் இமையின் உட்புறமும் ஈறும் பளிச்சென்ற சிவப்பாக இருக்கின்றன. மூச்சுத் திணறல், நுரை, தள்ளாட்டம், வீழ்ச்சி எல்லாம் சில நிமிடங்களுக்குள் நடந்துவிடலாம்.

இளம்பயிரில் துர்ரின் மிகுதி. முதிர முதிரக் குறைகிறது. மழை பொய்த்து வாடிய பயிரிலும், அறுத்த பின் துளிர்க்கும் மறுதாம்பிலும், யூரியா மிகுதியாக இட்ட பயிரிலும் அது ஏறிவிடும். நம் பகுதி மழைமறைவுப் பகுதியாதலால் மானாவாரிச் சோளம் வாடுவது புதிதன்று. வாடிய பயிர் ஒரு தூறலுக்குப் பின் தழைத்து நிற்கும் நாள்களே மிகுந்த ஆபத்துக்குரியவை. பூக்கும் முன் மேய்க்காதீர்கள். பசித்த மாட்டைச் சோளக்காட்டருகே அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் வேறு தீவனம் கொடுங்கள். அறுத்து நன்கு காயவைத்த சோளத்தட்டில் நஞ்சு பெரிதும் குறைந்துவிடுவதால் தட்டுப்போர் பாதுகாப்பானது. அறிகுறி தெரிந்தால் கைவைத்தியத்தில் நேரத்தைச் செலவிடாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்ஃபேட்டும் நரம்பில் ஏற்றினால் விழுந்த மாடும் எழுவதுண்டு.

குச்சிக்கிழங்கிலும், அதாவது மரவள்ளியிலும், இதே நஞ்சுதானா?

ஆம், அதன் மூலப்பொருள் லினமாரின். சதையைவிடத் தோலிலும் இலையிலும் மிகுதியாக இருப்பதால், உரித்த தோலைத் தின்ற ஆடுகள் இறக்கின்றன. ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவது. ஆகவே தோலுரித்து நறுக்கி, நிறைய நீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுவது நல்லது. சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ ஆலைகளில் கிழங்கை அரைத்துப் பாலெடுத்துப் படியவைத்துப் பலமுறை கழுவும்போது நஞ்சு நீரோடு போய்விடுவதால் ஜவ்வரிசி பாதுகாப்பானது. அக்கழிவுநீர் கால்நடைகள் குடிக்கும் குட்டைக்குப் போகக்கூடாது.

பருத்திக்கொட்டையைக் கறவை மாட்டுக்குக் கொடுக்கிறோம். கோழிக்கு மட்டும் ஏன் கூடாது?

ஒரு பருத்திக்கொட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் பருப்பில் ஊசிமுனை அளவு கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். அவை காசிப்பால் என்னும் பொருள் நிரம்பிய சுரப்பிகள். பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ளப் பருத்தி அமைத்தவை. வளர்ந்த மாட்டின் இரைப்பையில் காசிப்பால் புரதத்தோடு பிணைந்து பெரிதும் வீரியம் இழக்கிறது. இளங்கன்றுக்கு அந்த இரைப்பை இன்னும் முதிரவில்லை, கோழிக்கு அது இல்லவே இல்லை. இரண்டுக்கும் இது தீங்கு செய்யும். முட்டையிடும் கோழி உண்டால், சேமித்து வைத்த முட்டையின் கரு பச்சை கலந்த பழுப்பாக மாறும். நாமக்கல் பண்ணையாளர் பருத்திப் புண்ணாக்கில் கவனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டைக்கருவின் மஞ்சள் நிறம் எங்கிருந்து வருகிறது?

முழுக்கத் தாவரத்திலிருந்தே. கோழியால் லூட்டின் என்னும் மஞ்சள் நிறப்பொருளைத் தானாக உருவாக்க முடியாது. மக்காச்சோளத்திலிருந்தும் செண்டுமல்லிச் சாற்றிலிருந்தும் வருவதே கருவில் படிகிறது. சத்தியமங்கலம், தாளவாடி பக்கம் விளையும் செண்டுமல்லி மாலைக்கு மட்டும் உரியதன்று. நம் விழித்திரையின் நடுப்பகுதியிலும் இதே லூட்டின்தான் இருக்கிறது.

மல்லிகை விலை விழும்போது செண்ட் ஆலைக்குப் போகிறதே, அங்கு என்ன செய்கிறார்கள்?

மல்லிகை பறித்த பின்னும் மணத்தை உருவாக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் விரியத் தொடங்கும்போதுதான் பென்சைல் அசிட்டேட், லினலூல், இண்டோல் முதலியவை மிகுதியாக வெளிவருகின்றன. சூடான நீராவி இம்மணத்தைக் கெடுக்குமாதலால், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, பின்னர் கரைப்பானை ஆவியாக்கி நீக்குகிறார்கள். எஞ்சுவது மெழுகு கலந்த மணப்பொருள். இதிலிருந்து மெழுகை ஆல்கஹாலால் பிரித்தால் வாசனைத் திரவியத்துக்குரிய சாறு கிடைக்கிறது.

ஆவாரம்பட்டை தோல் பதனிடுவதற்கு ஏன் பயன்பட்டது?

அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலிலுள்ள கொலாஜன் புரதத்தோடு பிணைந்து, அழுகாததாகவும் நீரில் கிடந்தாலும் உறுதி குறையாததாகவும் ஆக்குகிறது. மாடு பூட்டிக் கிணற்று நீரைக் கவலையில் இறைத்த காலத்தில், நீர் மொண்ட சால்பறியின் தோல் இப்படிப் பதப்பட்டது. பின்னர் வாட்டில் என்னும் மரத்தின் பட்டையும் குரோமிய உப்பும் அதன் இடத்தைப் பிடித்தன.

வேலியோரச் செடி எதுவும் அலோபதி மருந்தாகியிருக்கிறதா?

ஆடாதொடை ஆகியிருக்கிறது. அதன் வாசிசின் என்னும் அல்கலாய்டின் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டதே சளியை இளக்கும் புரோம்ஹெக்சின். அதிலிருந்து வந்தது அம்ப்ராக்சால். இருமல் மருந்துப் புட்டியின் அட்டையில் இப்பெயர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆயினும் வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது. ஆதலால் கருவுற்ற பெண்கள் ஆடாதொடைக் கசாயம் அருந்தக்கூடாது.

குழந்தைகள் உள்ள வீட்டில் எந்தச் செடிகளில் கவனம் வேண்டும்?

அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி, எருக்கு. தேசிய நெடுஞ்சாலையின் நடுவில் பூத்து நிற்கும் அரளியின் எல்லாப் பாகமும் இதயத் துடிப்பைக் குலைக்கும். ஆமணக்கு விதையின் ரிசின் ஒரு புரதமாதலால் எண்ணெயில் வராது, புண்ணாக்கில் தங்கிவிடும். உரத்துக்கு வாங்கிய புண்ணாக்கு மூட்டையை நாயும் மாடும் எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை எதையேனும் மென்றுவிட்டால், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், செடியின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

என் மஞ்சளில் குர்குமின் எவ்வளவு என்று எப்படி அறிவது?

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் தூளை ஆல்கஹாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அலைநீள ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். இதில் கிடைப்பது மூன்று குர்குமினாய்டுகளின் கூட்டுத்தொகை. தனித்தனி அளவு வேண்டுமானால், அவற்றைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி சோதனை கேளுங்கள். முடிவின் நம்பகம் மாதிரி எடுப்பதைப் பொறுத்தது. ஒரே மூட்டையின் மேற்புறத்திலிருந்து பளபளப்பான விரலியைப் பொறுக்கி அனுப்பாதீர்கள். பல மூட்டைகளின் மேல், நடு, அடியிலிருந்து எடுத்துக் கலந்து, அதில் ஒரு பங்கை வெளிச்சம் புகாத உறையிலிட்டு, ரகம், வயல், அறுவடை நாள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். விரலியையும் கிழங்கு மஞ்சளையும் தனித்தனி மாதிரிகளாக அனுப்பவேண்டும்.